செங்கோலைத் தூக்கிக்கொண்டு ஓடியவர்கள்

இலங்கை நாடாளுமன்ற நடவடிக்கைகளைத் தொலைக்காட்சியில் பார்த்தவர்களுக்கு இந்தக் காட்சி பழக்கம். சபாநாயகருக்கு முன்னால் படைக்கல சேவிதர் செங்கோலைத் தோளில் சாத்தியபடி நடந்து வருவார். அது மேடையேறிய பிறகுதான் அவை தொடங்கும். கருங்காலித் தண்டு, வெள்ளி, பொன், நீலக்கல் எல்லாம் சேர்ந்த அந்த அலங்காரப் பொருள், பூர்வீகத்தில் மண்டையைப் பிளக்கும் ஆயுதம்.

இடைக்கால இங்கிலாந்தில் அரசரின் மெய்க்காவலர்கள் ஏந்தியது அது. யார் ஆணையில் அடிக்கிறோம் என்று காட்ட, கைப்பிடியின் அடியில் அரச முத்திரை இருக்கும். அடிக்கும் வேலை குறையக் குறைய முத்திரை பெருத்தது, இரும்புத் தலை சிறுத்தது. இன்று கிரீடத்தோடு மேலே மின்னுகிற முனைதான் பழைய கைப்பிடியின் அடி. ஆயுதத்தைத் தலைகீழாகத்தான் தூக்கி வருகிறார்கள்!

1415இல் அத்தகைய காவலர் ஒருவர் மக்களவைக்கு அனுப்பப்பட்டார். எட்டாம் ஹென்றி காலத்தில் ஜார்ஜ் ஃபெரர்ஸ் என்ற உறுப்பினரைக் கடனுக்காகச் சிறையில் தள்ளினார்கள். அவரை மீட்கச் செங்கோலோடு போன காவலருக்கும் லண்டன் நகரக் காவலர்களுக்கும் கைகலப்பு. செங்கோலின் கிரீடம் உடைந்தது. மீட்பு ஆணை எழுதித் தருகிறோம் என்று அரசுத் தரப்பு சொன்னபோது, செங்கோலே ஆணைதான், காகிதம் எதற்கு என்று அவை மறுத்துவிட்டது.

கப்பலேறிய ஆங்கிலேயர் இந்தப் பழக்கங்களையும் மூட்டை கட்டிக்கொண்டு போனார்கள். 1619 ஜூலை 30 அன்று வர்ஜீனியாவின் ஜேம்ஸ்டவுனில், ஒரு மரத் தேவாலயத்துக்குள் 22 பிரதிநிதிகள் கூடினார்கள். அமெரிக்க மண்ணில் குடியேறிகளின் முதல் பிரதிநிதிச் சபை அது. கடும் வெயில், காய்ச்சல், கூட்டத்தின் நடுவே ஒரு பிரதிநிதியின் மரணம். ஆறே நாளில் கலைந்தார்கள். ஆனாலும் அதற்குள் ஒரு சபாநாயகர், ஓர் எழுத்தர், தடுப்பருகே ஒரு சேவகர் என்று லண்டன் ஏற்பாட்டை அப்படியே நிறுத்தியிருந்தார்கள். மறு ஆண்டே பெர்முடாவும் அதைப் பார்த்துச் செய்தது.

லண்டன் தாய் அவையிலோ 1653இல், மன்னராட்சியை வீழ்த்திய படைத்தலைவர் குரோம்வெல் உள்ளே நுழைந்து, செங்கோலைக் கோமாளியின் கோல் என்று ஏசி, வீரர்களை விட்டு அகற்றச் செய்தார். மன்னராட்சி திரும்பியதும் செங்கோலும் திரும்பியது. காலனிகள் லண்டன் வெள்ளித் தட்டார்களிடம் சொல்லிச் செய்து வாங்கத் தொடங்கின. தென் கரோலினா 1756இல் 90 கினி கொடுத்து வாங்கிய செங்கோல், அமெரிக்கப் புரட்சியில் காணாமல்போய், 1819இல் பிலடெல்பியா வங்கிப் பெட்டகத்தில் தென்பட்டது. 1971இல் மறுபடியும் திருடுபோய், புளோரிடாவில் அகப்பட்டது.

மேல் கனடாவின் சபைக்கு அவ்வளவு வசதியில்லை. மரத்தில் கடைந்து வண்ணம் பூசிய கோல்தான். 1813 ஏப்ரல் 27 அன்று யார்க் நகரைப் பிடித்த அமெரிக்கப் படை அதையும் அள்ளிக்கொண்டு போனது. 121 ஆண்டு கழித்து அமெரிக்க அதிபர் ரூஸ்வெல்ட்தான் திருப்பி அனுப்பினார்.

காலனிக்காரர்கள் தங்கள் அரசைத் தாங்களே நடத்தலாம் என்ற ஏற்பாடு கனடாவில் வேர்பிடித்தது 1848 வாக்கில். அடுத்த ஆண்டே அதற்குச் சோதனை வந்தது. முன்பு அங்கே நடந்த கலகத்தில் சொத்திழந்தவர்களுக்கு இழப்பீடு தரும் சட்டத்தில் ஆளுநர் எல்ஜின் கையெழுத்திட்டார். அமைச்சரவை சொன்னதை ஆளுநர் கேட்பதுதான் புது முறை. கொதித்துப்போன கும்பல் மொன்றியல் நாடாளுமன்றத்துக்குத் தீ வைத்தது, செங்கோலையும் தூக்கிப் போனது. சட்டத்தை எதிர்த்தவர்களும் சட்டமன்றத்தின் கோலைக் கைப்பற்றினால் வென்றதாக நினைத்தார்கள் பாருங்கள். அது ஓட்டலொன்றில் இருந்த எதிர்க்கட்சித் தலைவர் கைக்குப் போய், பிறகு அவைக்குத் திரும்பியது. 1916 பிப்ரவரி 3 ஒட்டாவா தீயில் உருகியே போனது. அவசரத்துக்குச் செய்த மரச் செங்கோலை இன்றும் பிப்ரவரி 3இல் அவை கூடினால் மேசையில் வைக்கிறார்கள்.

ஆஸ்திரேலியாவின் விக்டோரியாவில் 1891இல் திருடுபோன செங்கோல் கிடைக்கவேயில்லை. மெல்போர்னின் விலைமாதர் வீட்டில் அதை வைத்துக் கூத்தடித்ததாக வதந்தி எழுந்து, விசாரணைக் குழுவே அமைந்தது. ஆஸ்திரேலியக் கூட்டாட்சி நாடாளுமன்றத்தின் 50ஆம் ஆண்டுக்கு, 1951இல், பிரிட்டிஷ் மக்களவையே புதிதாக ஒன்று பரிசளித்தது. இலங்கைக்கு 1949இல் கொடுத்திருந்தது. அதே நேரத்தில் பண்டமாற்று எதிர்த்திசையிலும் நடந்தது. 1941இல் ஜெர்மானியக் குண்டில் நொறுங்கிய லண்டன் அவை மறுபடி எழுந்தபோது ஆஸ்திரேலியா சபாநாயகர் நாற்காலியையும், கனடா மேசையையும், இலங்கை படைக்கல சேவிதரின் நாற்காலியையும் கொடுத்தன.

1965ஆம் ஆண்டு, யார்க் வீழ்ந்த அதே ஏப்ரல் 27. தொகுதி எல்லை வரைவை எதிர்த்த பஹாமாஸ் எதிர்க்கட்சித் தலைவர் லிண்டன் பிண்ட்லிங், இது மக்களின் அதிகாரம், மக்களோ வெளியே நிற்கிறார்கள் என்ற பொருள்படப் பேசி, செங்கோலை ஜன்னல் வழியே எறிந்தார். பேச்சு நேரத்தை அளக்கும் மணற்கடிகாரங்களை இன்னொருவர் எறிந்தார். ஈராண்டுக்குள் பிண்ட்லிங் ஆட்சியைப் பிடித்தார்.

2016இல் திரிபுரா சட்டமன்றத்தில் எதிர்க்கட்சி உறுப்பினர் ஒருவர் கோலைப் பிடுங்கிக்கொண்டு வெளியே ஓடினார். 2018 ஏப்ரலில் நைஜீரிய செனட் சபைக்குள் புகுந்த அடியாட்கள் செங்கோலைப் பறித்துப்போய், அபுஜாவின் மேம்பாலம் ஒன்றின் கீழே போட்டுவிட்டார்கள். செனட் அன்று கலையவில்லை. கையிருப்பில் இருந்த இன்னொன்றை எடுத்து வைத்துக் கூட்டத்தைத் தொடர்ந்தது.