பிரிவுண்ட நகரில் ஓராண்டு

எருசலேமைப் பற்றி நாம் வாசிக்கும் பயண நூல்களில் பெரும்பாலானவை திருயாத்திரிகர் எழுதியவை. பத்து நாட்களில் திருத்தலங்களைத் தரிசித்துத் திரும்புவோர் அங்குள்ள கற்களைக் காண்கின்றனர். குடியிருப்போரின் வாழ்வைக் காண்பதரிது. கனடாவின் கியூபெக்கில் பிறந்த ஓவியர் கீ டெலீல் 2011இல் பிரெஞ்சு மொழியில் வெளியிட்ட எருசலேம் பற்றிய சித்திரப் பயணநூல் இக்குறையை ஒருவாறு நீக்குகிறது.

மருத்துவத் தொண்டு நிறுவனமொன்றில் பணியாற்றிய துணைவியோடும் இரு குழந்தைகளோடும் 2008 ஆகஸ்டு முதல் ஓராண்டு அவர் கிழக்கு எருசலேமில் குடியிருந்தார். போக்குவரத்து நெரிசல், சோதனைச் சாவடி, மதில் ஆகியவையே அவருடைய பக்கங்களை நிரப்புகின்றன. அண்டையிலுள்ள யூதக் குடியேற்றத்தின் அங்காடியில் பொருள் வாங்குவது தகுமோ என அவர் தயங்குகையில், இஸ்லாமியப் பெண்கள் அங்கிருந்து பைகளோடு வெளிவருகின்றனர். பிரிவினையின் சிக்கலை உணர்த்த இச்சிறு காட்சி போதும்.

இப்பிரிவினை எங்ஙனம் தோன்றிற்று? 1948 நவம்பரில் இஸ்ரவேல், யோர்தான் படைத்தலைவர் இருவர் ஒரு நிலப்படத்தின்மேல் தடித்த பென்சிலால் தத்தம் கோடுகளை வரைந்தனர். கோட்டின் அகலத்திற்குள்ளேயே வீடுகளும் தெருக்களும் அகப்பட்டன. 1949ஆம் ஆண்டின் போர்நிறுத்த உடன்படிக்கை அதனை உறுதிசெய்தது. அதன்பின் மண்டல்பாம் வாயிலே நகரின் இரு பகுதிகளையும் இணைத்த வழி. அதுவும் குருமார், யாத்திரிகர், அரசத் தூதர் போன்ற சிலருக்கே திறந்தது. 1967 ஜூன் போரில் இஸ்ரவேல் கிழக்குப் பகுதியைக் கைப்பற்றவே, முள்வேலி அகன்றது, பிரிவு அகலவில்லை. 2002 முதல் எழுப்பப்பட்ட மதில், சில இடங்களில் 8 மீட்டர் உயரமுடையதாய், பாலஸ்தீனக் குடியிருப்புகள் பலவற்றை நகரினின்று துண்டித்தது.

டெலீலுக்கு வரைவதற்கு அறை தந்து உதவியவர், ஒலிவ மலையிலுள்ள அகுஸ்தா விக்டோரியா லுத்தரன் ஆலயத்தின் போதகர். ஜெர்மானியப் பேரரசின் பெருமை விளங்க 1910இல் திறக்கப்பட்ட அவ்வளாகம் இன்று பாலஸ்தீன நோயாளிகளுக்கு மருத்துவமனையாய் விளங்குகிறது. மதிலுக்கு அப்பாலிருந்து வரும் நோயாளி அனுமதிச் சீட்டுப் பெற்றே அதனை அடைதல் வேண்டும்.

திருச்சபையும் இவ்வரலாற்றில் குற்றமற்றதன்று. திருக்கல்லறை ஆலயத்தில் ஆறு திருச்சபைகள் உரிமை கொண்டாடுகின்றன. திறவுகோலோ இஸ்லாமியக் குடும்பத்தாரிடம் உள்ளது. டெலீல் அந்நகரில் வாழ்ந்த காலத்திலேயே, 2008 நவம்பர் 9 அன்று, ஆர்மீனிய, கிரேக்கத் துறவிகள் அவ்வாலயத்தினுள் கைகலந்தனர். நாம் நகைத்தல் தகாது. 1841இல் ஆங்கிலிக்கரும் பிரஷியரும் கூடி நிறுவிய எருசலேம் பேராயமும் 1886இல் கலைந்ததன்றோ?

எருசலேமின் சமாதானத்திற்காக நாம் ஆலயந்தோறும் மன்றாடுகிறோம். அம்மன்றாட்டில் அங்காடி வாயிலில் தயங்கி நிற்பவரும், அனுமதிச் சீட்டுக்காகக் காத்திருக்கும் நோயாளியும் இடம்பெறுகின்றனரா? திருநாட்டிற்குச் சபையாரை அழைத்துச் செல்லும் போதகர், புறப்படுமுன் இவ்வினாவைத் தம்மிடமே கேட்டுக்கொள்வாராக.