1940: ஒரு வருடம் வசையான கதை

தொடர்: கோப்பைகளும் குமுறல்களும் - 17

"நைன்டீன்… ஃபார்ட்டி! நைன்டீன்… ஃபார்ட்டி!"

1980களில் நியூயார்க் ரேஞ்சர்ஸ் ஐஸ் ஹாக்கி அணி பக்கத்து லாங் ஐலண்டுக்கு ஆடப் போனால், நாசோ கொலீசியம் அரங்கம் முழுக்க இந்தக் கூச்சல்தான். அதில் கெட்ட வார்த்தை கிடையாது. யாருடைய அப்பன், ஆத்தாளையும் இழுக்கவில்லை. வெறும் ஒரு வருடத்தைச் சொல்லிவிட்டுக் கை தட்டினார்கள், அவ்வளவுதான். ஆனால், அதைக் கேட்ட ரேஞ்சர்ஸ் ரசிகனுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. அவனுடைய அணி கடைசியாகக் கோப்பையைத் தொட்ட வருடம் அது.

வசைபாடியவர்கள் வேற்றூர்க்காரர்கள் இல்லை. 'லாங் ஐலண்டர்ஸ்' என்றல்ல, 'நியூயார்க் ஐலண்டர்ஸ்' என்றே பெயர் வைத்துக்கொண்ட அணியின் ரசிகர்கள். அதே நகரத்துக்கு வேலைக்குப் போய், அதே ரயிலில் திரும்பி, பக்கத்து வீட்டில் குடியிருப்பவர்கள். கோப்பை இல்லாத வருடங்களை வைத்து இவ்விரு கூட்டமும் அரை நூற்றாண்டாக நடத்திவரும் சண்டைதான் இந்த வாரக் கதை.

ஒரே கோப்பை

முதலில் கோப்பையைப் பார்த்துவிடுவோம். கனடாவின் கவர்னர் ஜெனரலாக இருந்த ஸ்டான்லி பிரபு 1892இல் நன்கொடையாகத் தந்தது. 1893 முதல் வழங்கப்பட்டு வருகிறது. வட அமெரிக்காவின் தேசிய ஹாக்கி லீக்கான என்.எச்.எல். 1917இல் தொடங்கியது, பின்னாளில் ஸ்டான்லி கோப்பை அந்த லீக்கின் பரிசாகவே ஆகிவிட்டது. ஆண்டுதோறும் ஜெயிக்கிற அணியின் ஆட்டக்காரர்கள் பெயரை அதன் மீதே பொறிப்பார்கள். ஆகவே ஒரு அணி எத்தனை வருடமாக ஜெயிக்கவில்லை என்பதற்குத் தனியாகச் சாட்சி வேண்டாம். கோப்பையைச் சுற்றி வந்து பெயர்களைப் படித்தால் போதும்.

1926இல் பிறந்த ரேஞ்சர்ஸ் அதில் சீக்கிரமே இடம்பிடித்தது. 1928, 1933, 1940 என்று மூன்று முறை. மூன்றாவது வெற்றி சொந்த ஊரில் கிடைக்கவில்லை. அணியின் அரங்கமான மாடிசன் ஸ்கொயர் கார்டனுக்கு வசந்த காலத்தில் சர்க்கஸ் வந்துவிடும். ஹாக்கியைவிட யானைகள் அதிகம் சம்பாதித்துக் கொடுத்தன. எனவே இறுதிச் சுற்றின் முதல் இரண்டு ஆட்டங்களோடு ரேஞ்சர்ஸ் மூட்டை கட்டிக்கொண்டு, மீதியை எதிரணியின் ஊரான டொரன்டோவிலேயே ஆடியது. ஏப்ரல் 13 அன்று ஆறாவது ஆட்டத்தின் கூடுதல் நேரத்தில் பிரையன் ஹெக்ஸ்டால் கோல் அடித்தார். கோப்பை கிடைத்தது. அடுத்ததற்கு இன்னும் 54 வருடம் ஆகும் என்று அன்று யாரிடமாவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பார்கள்.

சாபமா, சர்க்கஸா?

இவ்வளவு நீண்ட காத்திருப்புக்குக் கதை கட்டாமல் இருக்க முடியுமா? இரண்டு சாபங்கள் சொல்லப்படுகின்றன.

முதலாவது, அரங்கத்தின் அடமானக் கடன் அடைந்த சந்தோஷத்தில், நிர்வாகத் தலைவர் ஜான் ரீட் கில்பாட்ரிக் அந்தப் பத்திரத்தை ஸ்டான்லி கோப்பைக்குள் போட்டுக் கொளுத்தினார் என்பது. கோப்பையை அவமதித்ததால் தெய்வக் குற்றம் ஆகிவிட்டதாம்.

இரண்டாவது சாபத்தில் ஒரு மனிதரின் வயிற்றெரிச்சல் இருக்கிறது. அதே அரங்கில் குடித்தனக்காரராக ஆடிக்கொண்டிருந்த இன்னொரு அணி, நியூயார்க் அமெரிக்கன்ஸ். அதை நடத்தியவர் ரெட் டட்டன். போர்க்காலத்தில், 1942இல், அந்த அணி இழுத்து மூடப்பட்டது. போர் முடிந்ததும் திறக்கலாம் என்று காத்திருந்தார். லீக் அனுமதிக்கவில்லை. ரேஞ்சர்ஸ் முதலாளிகளின் வேலைதான் இது என்று நம்பிய டட்டன், தான் உயிரோடு இருக்கும்வரை ரேஞ்சர்ஸ் கோப்பையைத் தொடாது என்று சொன்னதாகக் கதை. அவர் 1987இல்தான் இறந்தார். அதுவரை ரேஞ்சர்ஸ் தொடவும் இல்லை.

கதை ருசிதான். காரணங்களோ வெளிச்சத்திலேயே கிடக்கின்றன. இரண்டாம் உலகப் போர் ஆட்டக்காரர்களை அள்ளிக்கொண்டு போனது. 1943-44 பருவத்தில் ரேஞ்சர்ஸ் 50 ஆட்டங்களில் ஜெயித்தது வெறும் 6. டெட்ராய்ட் அணியிடம் ஒரே ஆட்டத்தில் 15-0 என்று தோற்றது. அப்போது லீக்கில் இருந்ததே ஆறு அணிகள்; அவற்றில் நான்கு, கோப்பையைத் தீர்மானிக்கும் பிளே ஆஃப் சுற்றுகளுக்குப் போகும். அப்படியிருந்தும் 1943 தொடங்கி ஐந்து வருடம் ரேஞ்சர்ஸ் வாசலிலேயே நின்றது. மான்ட்ரியலுக்கும் டொரன்டோவுக்கும் அக்கம்பக்கத்துத் தெருவிலேயே பனியில் சறுக்கிப் பழகிய பையன்கள் கிடைத்தார்கள். நியூயார்க்கில் அந்த விளைச்சல் இல்லை.

சர்க்கஸும் விடவில்லை. 1950 இறுதிச் சுற்றில் ரேஞ்சர்ஸ் ஒரு ஆட்டம்கூட நியூயார்க்கில் ஆடவில்லை. 'சொந்த மைதான' ஆட்டங்கள் இரண்டையும் டொரன்டோவில் ஆடிவிட்டு, மீதிக்கு டெட்ராய்ட் போனது. ஏழாவது ஆட்டம், இரண்டாவது கூடுதல் நேரம். பீட் பபாண்டோ அடித்த கோலில் கோப்பை டெட்ராய்டுக்குப் போனது. ரசிகர்கள் சாபத்தைத் திட்டினார்கள். திட்டியிருக்க வேண்டியது அரங்கத்தின் வாடகைக் கணக்கை.

பக்கத்து வீட்டுக்காரன் வந்தான்

1940க்குப் பிறகு முப்பது வருடம் ரேஞ்சர்ஸ் தோற்றுக்கொண்டிருந்தபோதும் அந்த வருடம் வசையாகவில்லை. எண்ணிக் காட்ட அருகில் ஆள் இல்லை.

1972இல் அந்த ஆள் வந்தான். லாங் ஐலண்டில் புதிதாக ஓர் அரங்கம் எழுந்தது. போட்டி லீக் ஒன்று அங்கே அணியை வைக்கப் பார்த்தது. முந்திக்கொள்ள என்.எச்.எல். அவசரமாக ஐலண்டர்ஸ் அணியை உருவாக்கியது. தங்கள் எல்லைக்குள் கடை விரித்ததற்காக ரேஞ்சர்ஸ் தனியே கப்பம் வாங்கிக்கொண்டது. முதல் பருவத்தில் ஐலண்டர்ஸ் 12 ஆட்டம் ஜெயித்து 60 தோற்றது. ரேஞ்சர்ஸ் ரசிகர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

அந்தச் சிரிப்பு மூன்று வருடம்கூட நீடிக்கவில்லை. 1975 பிளே ஆஃபில் மூன்று ஆட்டத் தொடரின் கடைசி ஆட்டம், ரேஞ்சர்ஸின் சொந்த அரங்கத்தில். கூடுதல் நேரம் தொடங்கிய 11ஆவது நொடியில் ஐலண்டர்ஸின் ஜே.பி. பாரிசே கோல் அடித்து ரேஞ்சர்ஸை வீட்டுக்கு அனுப்பினார். பிறகு 1980, 81, 82, 83 என்று வரிசையாக நான்கு கோப்பைகள். 1981 முதல் 1984 வரை நான்கு வருடமும் பிளே ஆஃபில் ரேஞ்சர்ஸ் குறுக்கே வந்தது. நான்கு முறையும் ஐலண்டர்ஸ் அதைத் தாண்டிப் போனது. இந்தச் செழிப்பில் பிறந்ததுதான் 'நைன்டீன் ஃபார்ட்டி' கூச்சல். மற்ற ஊர் அரங்கங்களும் அதைக் கற்றுக்கொண்டன.

ரேஞ்சர்ஸ் ரசிகர்கள் கையில் கோப்பை இல்லை. பதிலுக்கு ஒரு காயம் இருந்தது. 1979 பிப்ரவரியில் ஐலண்டர்ஸின் டெனிஸ் பாட்வின் மோதியதில் ரேஞ்சர்ஸின் உல்ஃப் நில்சனுக்குக் கணுக்கால் உடைந்தது. அது விதிக்கு உட்பட்ட மோதல்தான் என்று நில்சனே பிற்பாடு சொல்லிவிட்டார். ரசிகர்கள் கேட்பதாக இல்லை. அன்று தொடங்கிய பாட்வின் எதிர்ப்புக் கோஷம், அவர் 1988இல் ஓய்வு பெற்ற பிறகும், ஐலண்டர்ஸ் ஆடாத நாட்களில்கூட, மாடிசன் ஸ்கொயர் கார்டனில் ஒலிக்கிறது. இன்று அதைக் கூவும் பலர் பாட்வின் ஆடி ஒரு ஆட்டம்கூடப் பார்த்ததில்லை.

கணக்கு தீர்ந்த இரவு

1994 பிளே ஆஃபின் முதல் சுற்றிலேயே இரண்டு அணிகளும் மோதின. 6-0, 6-0, 5-1, 5-2. நான்கே ஆட்டத்தில் ஐலண்டர்ஸ் துடைத்தெடுக்கப்பட்டது. அடுத்து ஒரு கட்டத்தில் நியூ ஜெர்சியிடம் 3-2 என்று பின்தங்கியபோது, ரேஞ்சர்ஸ் கேப்டன் மார்க் மெசியர் ஆறாவது ஆட்டத்தில் ஜெயிப்போம் என்று பத்திரிகைகளிடம் உறுதி கொடுத்தார். கொடுத்ததோடு நிற்கவில்லை, கடைசிப் பகுதியில் மூன்று கோல் அடித்துக் காப்பாற்றினார். ஜூன் 14 அன்று இறுதிச் சுற்றின் ஏழாவது ஆட்டத்தில் வான்கூவரை 3-2 என்று வென்றது ரேஞ்சர்ஸ். 'இனி நிம்மதியாகச் சாவேன்' என்று ஒரு ரசிகர் அட்டை தூக்கிப் பிடித்தார்.

'நைன்டீன் ஃபார்ட்டி' கூச்சல் ஒரே இரவில் செல்லாக்காசானது. அதே இரவில் இன்னொரு கணக்கு ரேஞ்சர்ஸ் ரசிகர்கள் கைக்கு வந்தது. ஐலண்டர்ஸின் கடைசிக் கோப்பை 1983. அதற்குப் பிறகு அந்த அணிக்குச் சோதனை மேல் சோதனை. 1995 முதல் ஏழு வருடம் பிளே ஆஃபே இல்லை. இடையில் ஜான் ஸ்பானோ என்பவர் கோடீஸ்வரர் என்று ஏமாற்றி, வங்கியிடம் 8 கோடி டாலர் கடன் பெற்று அணியையே வாங்கினார். 1997இல் குட்டு உடைந்து சிறைக்குப் போனார். 2020, 2021இல் இறுதிச் சுற்றுக்கு ஒரு படி கீழே வந்து, இரண்டு முறையும் டாம்பா பேயிடம் தோற்றது. ரேஞ்சர்ஸும் ஒன்றும் வாழ்ந்துவிடவில்லை. 2014இல் இறுதிச் சுற்று வரை போய் லாஸ் ஏஞ்சலஸிடம் தோற்றது.

இன்றைய மாடிசன் ஸ்கொயர் கார்டன் நிற்பது பென் ஸ்டேஷனுக்கு மேலே. லாங் ஐலண்ட் ரயில் புறப்படுவதும் அங்கேதான். ஆட்டம் முடிந்தால் இரண்டு கூட்டமும் ஒரே பெட்டியில் ஏறியாக வேண்டும். வாதம் இப்படிப் போகும்: "நீங்கள் ஜெயித்தபோது கலர் டி.வி. பெட்டி மரத்தில் இருந்தது!" "நாங்கள் நாலே வருடத்தில் வாங்கியதை நீங்கள் வாங்க எத்தனை வருடம் ஆச்சு?"

இரண்டுமே உண்மை. ரேஞ்சர்ஸின் மொத்தக் கோப்பைகள் நான்கு: 1928, 1933, 1940, 1994. ஐலண்டர்ஸின் மொத்தமும் நான்கு. ஒருவர் 66 வருடத்துக்குள் சிதறிச் சேர்த்தார். மற்றவர் ஒரே மூச்சில் அள்ளிவிட்டு 40 வருடத்துக்கு மேல் பட்டினி கிடக்கிறார். எது பெரிய துயரம் என்று தீர்ப்புச் சொல்ல எந்த நடுவரும் இல்லை. ஐந்தாவது கோப்பையை யார் வாங்கினாலும் சண்டை தீரப்போவதும் இல்லை; எண்ணுகிற வேலை மற்றவருக்கு மாறும், அவ்வளவுதான்.

ரேஞ்சர்ஸின் 54 வருடத்தையும் மிஞ்சிய ஓர் அணி இருக்கிறது: டொரன்டோ மேப்பிள் லீஃப்ஸ். அவர்கள் கடைசியாக வென்றது 1967இல். அதைச் சொல்லிச் சிரிப்பவர்கள் மான்ட்ரியல்காரர்கள். அவர்களுடைய சொந்தக் கணக்கோ 1993இல் தொடங்கிவிட்டது. அந்தக் கதை அடுத்த வாரம்.

(தொடரும்)