காலித் தோட்டாவின் கணக்கு

மாட்டுங்காவில் நண்பர் வீட்டுக் காபி. வொர்லி ரேஞ்சில் பிஸ்டல் பழகும் அவர் மகள் கேட்டாள்: "சுட்ட தோட்டாவை மறுபடி நிரப்பினால் அப்பாவுக்குச் செலவு குறையுமே, மாமா?"

.22 தோட்டாவில் பற்றவைக்கும் மருந்து விளிம்புக்குள் இருக்கிறது; ஊசி நசுக்கியதும் கதை முடிந்தது. சென்டர் ஃபயர் ரகத்தில் நடுக் கேப்பை மாற்றி நிரப்பலாம். ஜஸ்பால் ராணா 1994 ஹிரோஷிமாவில் தங்கம் வென்றதும், 2006 தோஹாவில் 590 எடுத்து உலக சாதனையைச் சமன் செய்ததும் இந்த ரகப் போட்டியில்தான்.

அமெரிக்காவில் வீட்டிலேயே நிரப்புகிறார்கள். இங்கே வெள்ளைக்காரனின் 1878 சட்டம் போய் 1959-ல் நம் ஆயுதச் சட்டம் வந்தது. உரிமமில்லாமல் தோட்டா செய்வது இன்றும் குற்றம்.

பி.காம். புத்திக்குப் பித்தளை வீணாவது உறுத்துகிறது. ஆனால் 1993 கலவரத்தைத் தாராவியில் சிறுவனாகப் பார்த்தவன் நான். செலவானாலும் அந்தப் பூட்டு இருக்கட்டும் என்றேன். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?