படிந்த சுண்ணமும் உருமாறிய செல்லும்

1855இல் ஜெர்மானிய நோயியல் அறிஞர் ருடால்ஃப் விர்ஷோ, எலும்புகள் அரிக்கப்பட்ட நோயாளிகளின் நுரையீரலிலும் இரைப்பையிலும் சுண்ணச்சத்து சேர்ந்திருப்பதை விவரித்து, அதனைச் சுண்ணத்தின் 'இடப்பெயர்வு' என்றார். ஓரிடத்தில் கரைந்தது வேறோரிடத்தில் தங்குகிறது என்பதே அச்சொல்லின் உட்கிடை. 1903இல் மோன்கபெர்க், தமனிச்சுவரின் நடுவுறையில் ஏறும் சுண்ணத்தைத் தனியே பிரித்துக் காட்டினார். அங்குத் தமனி அடைபடுவதைவிட விறைத்துப்போவதே மிகுதி. ஆயினும் பழைய கருத்து அசையவில்லை. உப்புநீர் ஓடும் குழாயில் கறை ஏறுவதுபோல முதுமையில் தானே நேர்வது என்றே நெடுங்காலம் கருதப்பட்டது. 'படிதல்' என்ற வினைக்குச் செய்பவன் தேவையில்லை. ஆகவே செய்பவனை எவரும் தேடவில்லை போலும்.

தேட வைத்தது டயாலிசிஸ். 1960இல் சியாட்டிலில் பெல்டிங் ஸ்கிரிப்னர் தொடர் டயாலிசிஸுக்கு வழிகண்ட பின், சிறுநீரகம் செயலிழந்தோர் ஆண்டுக்கணக்கில் வாழத் தொடங்கினர். ஆனால் உணவின்வழி நாள்தோறும் சேரும் பாஸ்பேட்டை வாரம் மும்முறை செய்யும் டயாலிசிஸ் முழுதும் நீக்குவதில்லை. (1669இல் ஹென்னிக் பிராண்ட் பாஸ்பரசை முதன்முதலில் பெற்றதே சிறுநீரிலிருந்துதான். அந்த வாயில் அடைபட்டால் அது இரத்தத்திலேயே தேங்கும்.) குடலிலேயே பாஸ்பேட்டைப் பிணைத்து வெளியேற்ற அலுமினிய ஹைட்ராக்சைடு தரப்பட்டது. 1976இல் ஆல்ஃப்ரேயும் சகாக்களும், டயாலிசிஸ் நோயாளிகளிடம் கண்ட கொடிய மூளைநோய்க்கும் மூளையில் சேர்ந்த அலுமினியத்துக்கும் உள்ள தொடர்பைச் சுட்டினர். மாற்றாகக் கால்சியம் கார்பனேட் வந்தது. அதுவும் இடரின்றி வரவில்லை: 2000இல் குட்மன் குழுவினர் ஆராய்ந்த 20 முதல் 30 வயதுவரையான டயாலிசிஸ் நோயாளிகள் 16 பேரில் 14 பேருக்கு இதயத் தமனிகளில் சுண்ணம் ஏறியிருந்தது. சுண்ணம் ஏறியோர் மருந்தாக உட்கொண்ட கால்சியம் ஏனையோரைவிட ஏறத்தாழ இருமடங்கு. முதுமை என்ற விளக்கம் அங்கே உடைந்தது.

அதே ஆண்டில் ஜோனோ, ஜியாச்செல்லி ஆகியோரின் ஆய்வு செய்பவனை அடையாளம் காட்டியது. வளர்ப்பூடகத்தில் பாஸ்பேட்டின் அளவை உயர்த்தியதும், தமனியின் மென்தசைச் செல்கள் அதனைச் சோடியத்தோடு உள்ளிழுத்து, எலும்புச் செல்லுக்குரிய மரபணுக்களை இயக்கத் தொடங்கின. தசைச் செல்லே எலும்பாக்கும் செல்லின் இயல்பை ஏற்கிறது. இதற்குத் துணையான சான்று 1997இலேயே கிடைத்திருந்தது. மேட்ரிக்ஸ் கிளா என்னும் புரதம் இல்லாத சுண்டெலிகள், தமனிகள் சுண்ணமாகி இரண்டு மாதங்களுக்குள் இறந்தன. அதாவது, தமனி சுண்ணமாகாமல் இருப்பதே உடல் இடைவிடாது செய்யும் ஒரு செயல். அப்புரதம் இயங்க வைட்டமின் கே தேவை என்பதால் அவ்வழியிலும் ஆய்வுகள் நடக்கின்றன.

கால்சியமற்ற பிணைப்பான்களான செவலமர் 1998இலும் லாந்தனம் கார்பனேட் 2004இலும் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றன. குடலில் பாஸ்பேட் உறிஞ்சப்படுவதையே குறைக்கும் டெனபனோர் 2023இல் வந்தது. செவலமர் பெற்றோரிடம் சுண்ணமேற்றம் மெதுவாக நிகழ்ந்ததென 2002இன் ஓர் ஆய்வு காட்டியது. 2007இல் வெளியான பெரிய ஆய்வில், மொத்த இறப்பில் கால்சியப் பிணைப்பான்களைவிடத் தெளிவான நன்மை தென்படவில்லை. உணவில், பருப்பிலுள்ள பாஸ்பரசைவிடப் பதப்படுத்திய பண்டங்களில் சேர்க்கப்படும் பாஸ்பேட் உப்புகளே மிக எளிதில் உறிஞ்சப்படுகின்றன. நோயாளியோ பெரும்பாலும் பருப்பைத்தான் முதலில் விலக்குகிறார். ஒருமுறை ஏறிய சுண்ணத்தைத் தமனியிலிருந்து இறக்க ஒப்புதல் பெற்ற மருந்து இன்றுவரை இல்லை.