1541 டிரைவ் ஏன் தட்டிக்கொண்டே இருந்தது?

கமடோர் 64 வைத்திருந்தவங்ககிட்ட கேட்டுப் பாருங்க, அந்தச் சத்தத்தை மறந்திருக்க மாட்டாங்க. புது ஃப்ளாப்பியை ஃபார்மட் பண்ணச் சொன்னதும், 1541 டிரைவுக்குள்ளே யாரோ கதவைத் தட்டுவது போல 'டரரரக்'. இது பழுதுன்னு பயந்தவர்கள் நிறைய பேர். பழுது இல்லை. ஆனால் பழுதுக்கு அங்கேதான் பிள்ளையார் சுழி.

1982ல் வந்த டிரைவ். 35 டிராக், கொள்ளளவு சுமார் 170 கிலோபைட். உள்ளே தனியாக ஒரு 6502 ப்ராசஸர், 2 கிலோபைட் ரேம், 16 கிலோபைட் ரோம். அதாவது கணினிக்குப் பக்கத்தில் இன்னொரு கணினி. இவ்வளவும் கொடுத்தவர்கள் ஒரு சின்ன சென்சாரை விட்டுவிட்டார்கள்: ஹெட் முதல் டிராக்கில் நிற்கிறதா என்று சொல்லும் சென்சார்.

அது இல்லாமல் ஹெட் இருக்கும் இடம் எப்படித் தெரியும்? 40க்கும் மேற்பட்ட டிராக் தூரத்துக்கு வெளிப்பக்கமாக நகர்த்து, எங்கே இருந்தாலும் கடைசியில் தடுப்பில் போய் முட்டித்தானே ஆகணும்! மிச்சம் இருக்கும் அடிகள்தான் அந்தத் தட்டல். 1978ல் வோஸ்னியாக் வடிவமைத்த ஆப்பிள் டிஸ்க் II-விலும் இதே தந்திரம்தான். ஆனால் அங்கே ஹெட்டை நகர்த்தியது சுருள் பள்ளம் வெட்டிய ஒரு வட்டு. 1541-ல் மோட்டார் தண்டில் அழுத்திச் செருகிய ஒரு கப்பி, அதைச் சுற்றி ஒரு மெல்லிய எஃகுப் பட்டை. டிரான்ஸ்ஃபார்மரும் அதே பெட்டிக்குள்ளே என்பதால் சூடு வேறு. முட்டி முட்டி, ஒருநாள் கப்பி ஒரு மயிரிழை வழுக்கும். டிராக்குக்கும் டிராக்குக்கும் இடைவெளியே அரை மில்லிமீட்டர்தான்!

இதில் ஒரு வயிற்றெரிச்சல் உண்டு. காப்பி அடிப்பதைத் தடுக்க கேம் கம்பெனிகள் வேண்டுமென்றே கெட்டுப்போன செக்டர்களை எழுதி வைத்தார்கள். பிழை வந்தால் டிரைவ் மறுபடி முயலும், முட்டும். காசு கொடுத்து வாங்கியவன் டிரைவ்தான் அடி வாங்கியது. பூட்டு உடைத்த காப்பி வைத்திருந்தவனுக்கு அந்தத் தொல்லையே இல்லை.

வழுக்கல் உடனே தெரியாது. ஏனென்றால் தள்ளி நிற்கும் ஹெட் எழுதுவதும் தள்ளித்தான். அதனால் சொந்த ஃப்ளாப்பி எல்லாம் ஒழுங்காகப் படிக்கும், நண்பன் கொடுத்தது மட்டும் படிக்காது. பழி நண்பன் தலையில்!

இப்போது அப்படி ஒரு டிரைவ் கையில் கிடைத்தால், முதலில் ஹெட்டை ஐசோப்ரொபைல் ஆல்கஹாலில் துடையுங்கள். பாதிக் கேஸ் அங்கேயே முடிந்துவிடும். அடுத்து வேகம்: நிமிடத்துக்கு 300 சுற்று. பெல்ட் ஓட்டும் மாடல்களின் சுழல் சக்கரத்தில் கோடு போட்ட வளையங்கள் இருக்கும். பழைய சோக் வைத்த டியூப் லைட் வெளிச்சத்தில், நம்ம ஊர் 50 ஹெர்ட்ஸுக்கான வளையம் நின்ற மாதிரி தெரிந்தால் வேகம் சரி. இரண்டும் சரியாக இருந்தும் வேறு டிரைவில் எழுதியது படிக்கவில்லையா? அப்போதுதான் அலைன்மென்ட் மேல் சந்தேகப்படணும்.

திருத்துவது பெரிய வித்தை இல்லை. மோட்டாரின் இரண்டு திருகுகளைத் தளர்த்தி, சரியாக இருக்கும் என்று நம்பக்கூடிய ஒரு ஃப்ளாப்பியை வைத்துக்கொண்டு, மோட்டாரை இம்மி இம்மியாகத் திருப்பணும். ஆனால் அவசரப்பட்டு ஸ்க்ரூடிரைவரை எடுக்காதீங்க. அந்த டிரைவ் இத்தனை வருஷம் தள்ளி எழுதிய ஃப்ளாப்பிகள் எல்லாம் அந்தக் கோணலை நம்பித்தான் உயிரோடு இருக்கின்றன. டிரைவ் நேரானால் உலகத்து ஃப்ளாப்பிகள் படிக்கும், அந்த வீட்டு ஃப்ளாப்பிகள் படிக்காது. யாரோ பள்ளிப் பருவத்தில் எழுதிய பேசிக் புரோகிராம், ஒருவேளை ஒரு கடிதம், அதில் இருக்கலாம்.

அதனால் திருகைத் தொடுவதற்கு முன், ஸூம்ஃப்ளாப்பி மாதிரி ஒரு யூஎஸ்பி அடாப்டரில் அதே கோணல் டிரைவை மாட்டி, அதோடு வந்த எல்லாத் தட்டுகளையும் இமேஜ் எடுத்துவிடுங்கள். எடுத்து முடித்த தட்டுகளின் லேபிளில் 'திருத்துவதற்கு முன் எழுதியது' என்று குறித்து, தனிப் பெட்டியில் போடுங்கள்.