நேரம் தவறிய கோப்புகள்

1920களின் தொடக்கத்தில் புரதம் என்பது திட்டவட்டமான எடையுள்ள மூலக்கூறா, கண்டபடி திரண்ட கூழ்மமா என்ற வழக்கு தீரவில்லை. ஸ்வீடனின் உப்சாலாவில் தியோடர் ஸ்வெட்பெர்க் உருவாக்கிய அல்ட்ரா சென்ட்ரிஃப்யூஜ் என்னும் அதிவேகச் சுழற்றி அதைத் தீர்த்து வைத்தது. ஹீமோகுளோபினைச் சுழற்றியபோது ஏறக்குறைய 67,000 என்று ஒரே எடை கிடைத்தது. புரதம் படியும் வேகத்தைக் குறிக்கும் படிவு எண்ணின் அலகுக்கு அவர் பெயரே நிலைத்தது.

அவருடைய மாணவர் ஓலே லாம், 1929இல் ஒரு சமன்பாடு எழுதினார். சுழலும் குப்பிக்குள் புரதம் அடிநோக்கிப் படிகிறது; அதேசமயம் நாலாபுறமும் பரவவும் செய்கிறது. இரண்டையும் சேர்த்துச் சொல்லும் அந்தச் சமன்பாட்டுக்கு, பொதுவாக, கையால் போட்டு எடுக்கும் விடை இல்லை.

எனவே ஆளுக்கொரு குறுக்குவழி. 1978இல் வான் ஹோல்டும் வைஷெட்டும் பரவலின் பாதிப்பைக் கணக்கால் நீக்கினார்கள். 1992இல் வால்டர் ஸ்டாஃபோர்ட், புரதம் படிவதைக் கருவி அடுத்தடுத்து எடுத்த பதிவுகளை ஒன்றிலிருந்து ஒன்று கழித்துப் பார்த்தார். 2000இல் பீட்டர் ஷுக், கணினியைக் கொண்டு லாம் சமன்பாட்டையே தீர்த்து, 'செட்ஃபிட்' நிரலில் பரவலைப் பிரித்துக் காட்டினார். போரிஸ் டெமலரின் 'அல்ட்ராஸ்கேன்' நிரல் வேறு பாதையில் போனது.

ஒரே பதிவுக்கு இரு நிரல்கள் இரு விடை சொன்னால் ஆய்வாளர் முதலில் கணிதத்தைச் சந்தேகிப்பார். பெரும்பாலும் காரணம் அற்பமானது. ஒன்று 20 டிகிரி நீருக்குத் திருத்திய படிவு எண்ணைத் தந்திருக்கும், மற்றொன்று திருத்தாததை. அல்லது திரவத்தின் மேல்விளிம்பு ஒன்றில் கண்ணால் குறிக்கப்பட்டிருக்கும், மற்றொன்றில் நிரலே தேடியிருக்கும்.

இரண்டும் ஒத்துப்போனால்தான் ஆபத்து அதிகம். அப்போது யாரும் தோண்டிப் பார்ப்பதில்லை. 2013இல் அம்பலமானது அப்படிப்பட்ட பிழைதான். சுழற்சி தொடங்கி எவ்வளவு நேரம் ஆனது என்று கருவியின் பதிவு மென்பொருள் கோப்புகளில் எழுதிவைத்ததே தவறு. அதனால் படிவு எண்ணில் 10% வரை பிழை நேரலாம். எந்த நிரலில் போட்டாலும் தவறு தப்பாமல் வந்தது.

பிறகு பெரிய ஒப்பீடு ஒன்று நடந்தது. மாட்டுச் சீரம் ஆல்புமின், வெப்பநிலைப் பதிவி, சுழல்மையத்திலிருந்து உள்ள தூரத்தை, அதாவது ஆர அளவைச் சரிபார்க்கும் உலோகத் தகடு ஆகியவை அடங்கிய பெட்டிகள் 67 ஆய்வகங்களைச் சுற்றிவந்தன. 2015இல் முடிவு வெளியானது. ஒரே புரதத்துக்கு 3.655 முதல் 4.949 ஸ்வெட்பெர்க் வரை எண்கள்! நேரம், வெப்பநிலை, ஆர அளவு முதலியவற்றைத் திருத்தியதும் சராசரி 4.325 ஆனது, திட்ட விலக்கம் 0.188இலிருந்து 0.030ஆகச் சுருங்கியது.

பழைய பதிவுகளையும் தூக்கிப்போட வேண்டியிருக்கவில்லை. ஒவ்வொரு கோப்பும் சேமிக்கப்பட்ட நேரத்தைக் கணினி தனியாகக் குறித்து வைத்திருந்தது. அதைக் கொண்டு உள்ளே எழுதிய நேரத்தைத் திருத்த 'ரீடேட்' என்றொரு சிறு நிரல் எழுதப்பட்டது.