தகடூர் வில்லும் அதன் நாணும்

தகடூர் எனப் பண்டு வழங்கிய நம் தருமபுரி நாட்டில் நடுகற்கள் நிற்கும் ஊர்கள் பல. ஆநிரை காரணமாகப் பொருது பட்ட வீரர்க்கு எடுத்த அக்கற்களுள் பலவற்றில், வீரன் ஒரு கையில் வில்லும் மறுகையில் வாளும் ஏந்தி நிற்கின்றான். சிலவற்றில் அவனுடலில் அம்பும் தைத்துளது. அவன் எம் குலத்தவன் என்று பல குலத்தாரும் உரிமை பேசுவர். கல்லில் பொறித்த பெயரும் ஊருமே சான்றாவன. ஏனைய எல்லாம் விருப்பம். அவ்வழக்கு நிற்க. அவ்வில்லின் நாண் எதனால் ஆயது என வினவுவோரை யான் கண்டிலேன்.

கல் நின்றது, நாண் மட்கிற்று. இஃது எந்நாட்டிற்கும் ஒக்கும். 1545-இல் இங்கிலாந்தின் கரையருகே அமிழ்ந்த 'மேரி ரோஸ்' என்னும் போர்க்கப்பலிலிருந்து நூற்றுக்கு மேற்பட்ட விற்கள் நம் காலத்தில் எடுக்கப்பட்டன. நாண்களோ மட்கிப் போயின. ஆதலின் நூல்களே துணை. மைசூர் ஷாமசாஸ்திரியார் 1905-இல் ஏட்டிற் கண்டு 1909-இல் அச்சிட்ட கௌடிலியரது அர்த்தசாஸ்திரம், மூர்வை, எருக்கு, சணப்பு, கவேது, மூங்கில், நரம்பு என நாணுக்குரிய பொருள் ஆறு கூறும். மூர்வையாவது நம் மரல் என்பர்; மருள் எனவும் வழங்கும். வடமொழியில் நாணுக்கு 'மௌர்வீ' என்ற பெயர் அதனால் வந்ததே. ஆங்கிலரும் இச்செடியினத்தை வில்நாண் சணல் என்கின்றனர்.

மரல் முதலிடம் பெற்றது ஏன்? நல்ல நாண் நீளலாகாது, கனத்தலும் ஆகாது. நீண்டால் வில்லின் விசை அம்பிற் சேராது. கனத்தால் விசையில் ஒரு பங்கை நாணே கவரும். விலங்கின் நரம்பு வலிதேனும் ஈரம் பட்டால் நெகிழும். எருக்குநார் நயமும் உறுதியும் உடையது. தண்டினின்று பிரித்தெடுத்தலே பெரும்பாடு. மரலோ வறண்ட பாறை நிலத்தும் வளரும். கோடையில் மரையா அதனைத் தின்னும் செய்தி கலித்தொகையில் உளது. மடலைப் பலகைமேல் இட்டு, மழுங்கிய கத்தியால் சதையை வழித்து, அலசி உலர்த்தினால் வெண்மையான நீண்ட நார் கிடைக்கும். அதனைப் புரிபுரியாக முறுக்கித் தேன்மெழுகு பூசினால் ஈரமும் தேய்வும் ஒருவாறு தடைப்படும்.

ஆயினும் எளிதிற் பெறும் பொருளன்று. 40 ராத்தல் பசுமடலுக்கு 1 ராத்தல் நாரே கிடைத்ததென்று தாவரநூலார் ராக்ஸ்பரோ குறித்துள்ளார். மடல் அறுத்தவரும் நார் வழித்தவரும் புரி முறுக்கியவரும் எவரோ? வீரன் பெயர் சொல்லும் கல்லில் அவர் பெயர் இல்லை.

தருமபுரி அகழ்வைப்பகத்தில் இத்தகைய கற்கள் உள்ளன. சிறாரை அழைத்துச் செல்வோர், வாளைக் காட்டுமுன் வில்லைக் காட்டுக.